அவசரம் வலது கண்ணுக்கா, இடது கண்ணுக்கா?

27 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சாரம் இது. 19 வயதில் அவருக்குக் கெரட்டோகோனஸ், அதாவது கருவிழி மெலிந்து கூம்பு போல முன்தள்ளும் நோய், இருப்பது தெரியவந்திருக்கிறது. கண்ணாடியை மாற்றி மாற்றியே எட்டு ஆண்டுகளை ஓட்டிவிட்டார். இப்போது வலது கண்ணின் கருவிழி வளைவு அதிகபட்சமாக 62 டயாப்டர் (எண் கூடினால் வளைவும் கூடுகிறது என்று பொருள்). மிக மெல்லிய இடம் 395 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). கூம்பின் நுனிக்குச் சற்று அருகே ஒரு சிறு தழும்பு. அந்தக் கண்ணில் கண்ணாடியோடு 6/36 வரிதான் தெரிகிறது (6/6 இயல்பான பார்வை; இரண்டாம் எண் கூடக் கூடப் பார்வை குறைவு). கடின லென்ஸ் அணிந்தால் 6/9 வரை படிக்க முடிகிறது, ஆனால் இரண்டு மணி நேரத்திற்குள் உறுத்தல் தாங்காமல் கழற்ற வேண்டியிருக்கிறது, சில நாள் தானாகவே நழுவி விழுந்துவிடுகிறது. இடது கண்ணில் கண்ணாடியோடு 6/9 தெரிகிறது. எட்டு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு டோபோகிராபி படங்களில், அதாவது கருவிழியின் வடிவத்தைக் காட்டும் வரைபடங்களில், அந்தக் கண்ணின் வளைவு 49-இலிருந்து 51.5 டயாப்டராக ஏறியிருக்கிறது. மெல்லிய இடம் 468 மைக்ரான்.

வலது கண்ணுக்குக் கருவிழி மாற்று அறுவை சிகிச்சையும், இடது கண்ணுக்கு, கூம்பு மேலும் வளராமல் நிறுத்தும் கிராஸ் லிங்க்கிங் சிகிச்சையும் செய்துகொள்ளும்படி ஒரு மருத்துவர் சொல்லியிருக்கிறார். இன்னொருவரோ வலது கண்ணுக்கு முதலில் ஸ்கிலீரல் லென்ஸ் என்ற அகலமான லென்ஸைப் பொருத்திப் பார்க்கலாம் என்கிறார். உறவினர் ஒருவருக்குக் கிராஸ் லிங்க்கிங் செய்தபின் பார்வை மங்கிப்போனதாகக் கேள்விப்பட்டதால், இடது கண்ணை இப்போதைக்குத் தொடாமல் விட்டுவிட்டு வலது கண்ணின் அறுவையை உடனே முடித்துவிடலாம் என்று எண்ணுகிறார். “புதுக் கருவிழி வைத்துவிட்டால் நோய் வேரோடு போய்விடும் அல்லவா? கண்ணாடி, லென்ஸ் எதுவும் வேண்டியிராது அல்லவா? அப்படியானால் இரண்டு கண்ணுக்கும் ஒரே தடவையில் செய்துகொண்டால் என்ன?” என்று கேட்கிறார். ஓராண்டுக்குள் குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணமும் இருக்கிறது. கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் 15 வயதுத் தம்பியைப் பற்றிய கவலையைக் கடைசி வரியில் சேர்த்திருக்கிறார்.

அளவுகளை இவ்வளவு கவனமாகக் குறித்து அனுப்பியதற்கு நன்றி. அவை இல்லாவிட்டால் நான் பொதுவாக எதையாவது எழுதி முடித்திருப்பேன். உங்கள் கண்களை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். கடிதத்தின் முக்கால் பங்கு வலது கண்ணைப் பற்றியது. குறைவாகத் தெரியும் கண்ணைப் பற்றித்தானே கவலை அதிகம் இருக்கும், அது இயல்பே. ஆனால் நீங்கள் அனுப்பிய எண்களைப் பார்த்தபோது எனக்குப் பதற்றம் தந்தது இடது கண்தான்.

கெரட்டோகோனஸுக்கு ‘ஆபரேஷன்’ என்று பொதுவாகச் சொல்லப்படுபவை இரண்டு வேறு வேலைகளைச் செய்பவை. ஒரு வகை, கூம்பு மேலும் வளராமல் நிறுத்துவது. கிராஸ் லிங்க்கிங் அதற்கானது. மற்றொரு வகை, ஏற்கெனவே கெட்டுப்போன வடிவத்தையோ தெளிவையோ சீர்செய்வது. கருவிழி மாற்றும், கருவிழிக்குள் பொருத்தும் வளையங்களும் அதில் அடங்கும். முதல் வகையிடம் தெளிவான பார்வையை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். உங்கள் உறவினர் கதையில் நடந்திருப்பது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இடது கண்: தள்ளிப்போடக் கூடாதது

சராசரிக் கருவிழியின் வளைவு 43, 44 டயாப்டர் அளவிலும், நடுப்பகுதித் தடிமன் ஏறத்தாழ 540 மைக்ரான் அளவிலும் இருக்கும். ஓராண்டுக்குள் 1 டயாப்டர் ஏறினாலே நோய் முன்னேறுகிறது என்று கொள்வது வழக்கம். உங்களுக்கு எட்டே மாதத்தில் 2.5 டயாப்டர் ஏறியிருக்கிறது. லென்ஸ் அணிபவர்களுக்குக் கருவிழி அமுங்கியிருப்பதால் படம் தவறாக வருவதுண்டு. இடது கண்ணில் நீங்கள் லென்ஸே அணிவதில்லை என்று எழுதியிருப்பதால் அந்தச் சந்தேகத்திற்கும் இடமில்லை. இரண்டு படங்களும் ஒரே வகைக் கருவியில் எடுக்கப்பட்டவைதானா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆம் என்றால், இந்தக் கண்ணில் நோய் வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

கிராஸ் லிங்க்கிங், பலர் சி3ஆர் என்று சொல்வது, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான முறை. நோயாளிகளிடம் கிடைத்த முதல் பலன்கள் 2003-இல் வெளியாயின. கண்ணை மரத்துப்போகச் செய்து, கருவிழியின் மேல்தோலை வழித்தெடுத்துவிட்டு, வைட்டமின் பி2 ஆகிய ரிபோஃபிளேவின் கரைசலைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சொட்டுச் சொட்டாக அரை மணி நேரம் விடுவோம். கருவிழி முழுவதும் மஞ்சள் ஊறியதும் புற ஊதாக் கதிர் விளக்கைப் பார்த்தபடி படுத்திருக்க வேண்டும். பழைய முறையில் அதற்கும் அரை மணி, விரைவு முறைகளில் அதைவிடக் குறைவு. அந்தக் கதிரால் கருவிழியின் கொலாஜன் இழைகளுக்கிடையே புதிய பிணைப்புகள் உண்டாகி, தளர்ந்திருந்த திசு விறைப்படைகிறது. பெரும்பாலான ஆய்வுகளில் 10 கண்களில் 9-க்கும் மேற்பட்டவற்றில் நோய் நின்றுவிடுகிறது. வளைவு 1, 2 டயாப்டர் தட்டையாவதும் உண்டு. அதைக் கிடைத்தால் லாபம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேல்தோல் மீண்டும் வளரும் முதல் மூன்று நான்கு நாள் வலி, கூச்சம், கண்ணீர் எல்லாம் கடுமையாகவே இருக்கும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பார்வை முன்பிருந்ததைவிடச் சற்று மங்கலாகக்கூட இருக்கலாம். மூன்றாம் மாத வாக்கில் பழைய நிலைக்குத் திரும்பும். கருவிழியில் படியும் இலேசான புகைமூட்டம் முழுதாக விலக ஆறு மாதம், ஓராண்டு ஆகலாம். உறவினருக்கு மங்கியது எந்த மாதத்தில், பிறகு தெளிந்ததா என்று கேட்டுப் பாருங்கள். நிலைத்த தழும்பும் கிருமித் தொற்றும் ஏற்படுவதுண்டு, ஆனால் குறைவு. வலி குறைந்து வந்த கண் மறுபடி வலித்துச் சிவந்தால் அன்றே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

காத்திருப்பதில் உள்ள ஆபத்து இதைவிடப் பெரியது. கதிர் கருவிழியின் உள்பக்கச் செல்களைத் தாக்காமலிருக்க, மேல்தோல் நீக்கிய பின் குறைந்தது 400 மைக்ரான் தடிமன் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. மேல்தோல் ஏறத்தாழ 50 மைக்ரான். உங்கள் 468-இல் அதைக் கழித்தால் 418 மிஞ்சும். விதிக்கு மேலே கையிருப்பு அவ்வளவுதான். இந்த வேகத்தில் மெலிந்தால் அடுத்த ஆண்டு அந்தக் கையிருப்பும் இருக்காது. மெல்லிய கருவிழிக்கென்று மாற்றியமைத்த முறைகள் உண்டு என்றாலும், வழக்கமான முறையைச் செய்ய முடிகிற கண்ணுக்கு அதையே செய்வதுதான் நல்லது. தவிர, கருவுற்றிருக்கும்போது இந்த நோய் வேகமெடுப்பதுண்டு. அப்போதும் பாலூட்டும் காலத்திலும் இந்தச் சிகிச்சையை நாங்கள் தவிர்ப்போம். ஆக, குழந்தை பற்றிய உங்கள் திட்டமும் இடது கண்ணை இப்போதே கவனிக்கச் சொல்கிறது.

வைட்டமின் என்ற சொல்லைக் கேட்டதும் பி2 மாத்திரை விழுங்கிவிட்டு வெயிலில் உட்கார்ந்தால் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் கேட்கவில்லை, வீட்டில் யாராவது கேட்பார்கள். வேண்டாம், கண்தான் கெடும்.

வலது கண்: கத்திக்கு முன் ஒரு லென்ஸ்

வலது கண்ணைப் பற்றி நீங்கள் எழுதியதில் மிக முக்கியமான செய்தியை நீங்களே கவனிக்கவில்லை என்று தோன்றுகிறது. கடின லென்ஸோடு அந்தக் கண்ணில் 6/9 தெரிகிறது. அப்படியென்றால் தழும்பு பார்வையை மறைக்கவில்லை. ஒளி ஊடுருவத் தடையில்லை. மேடுபள்ளமான வடிவம்தான் குற்றவாளி. தெரு விளக்கு ஒன்று வால் முளைத்து மூன்று நான்காகத் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்களே, அது இந்த வடிவக் கோளாற்றின் வேலை. வடிவத்தை மூடி மறைக்க வழி இருக்கும்போது, வெட்டி எடுப்பதை முதலில் வைக்க வேண்டியதில்லை. இரண்டாவது மருத்துவரின் பக்கம்தான் நான் சாய்கிறேன்.

சாதாரணக் கடின லென்ஸ் கருவிழியின் மீதே உட்காருகிறது. 62 டயாப்டர் கூம்பின் நுனியில் அது ஊசிமுனையில் வைத்த தட்டுப்போல ஆடும், உரசும், நழுவும். ஸ்கிலீரல் லென்ஸ் அதைவிட அகலமானது. அதன் விளிம்பு கண்ணின் வெள்ளைப் பகுதியில் அமர்கிறது, கருவிழியைத் தொடுவதே இல்லை. பதப்படுத்தும் மருந்து கலக்காத உப்புக் கரைசலை அந்தச் சிறு கிண்ணத்தில் விளிம்பு தளும்ப நிரப்பி, முகத்தைத் தரைக்கு நேராகக் குனிந்து, இமைகளை விரித்துப் பிடித்துக்கொண்டு, கீழிருந்து மேலாகக் கண்ணோடு பொருத்த வேண்டும். ஒரு காற்றுக் குமிழி உள்ளே புகுந்தாலும் கழற்றி மறுபடி நிரப்ப வேண்டியதுதான். முதல் வாரம் பொறுமை போகும். பிறகு கை பழகிவிடும். லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே நிற்கும் அந்த நீர் மேடுபள்ளங்களை நிரவிவிடுவதால்தான் பார்வை தெளிகிறது. சிலருக்கு நண்பகலில் நீர் கலங்கும்; கழற்றிப் புதிதாக நிரப்பினால் சரியாகும். குழாய்த் தண்ணீர் அதன் அருகே வரக் கூடாது, அணிந்தபடி தூங்கவும் கூடாது. எந்த லென்ஸும் நோயை நிறுத்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வலது கண்ணின் வளைவு இப்போதும் ஏறுகிறதா என்று ஆறு மாதத்துக்கொருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கும் படம் எடுக்கும் முன் சில நாள் லென்ஸைக் கழற்றி வைத்திருப்பது அவசியம்.

கருவிழி வளையங்களைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். நடுத்தர நிலையில், தழும்பில்லாத, போதிய தடிமனுள்ள கண்களில் அவை கூம்பைச் சற்றுத் தட்டையாக்கும். இவ்வளவு செங்குத்தான, மெல்லிய வலது கண்ணுக்கு அவை பெரிதாக உதவா. கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யும் லாசிக் லேசர் சிகிச்சை என்ற பேச்சை யாரேனும் எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். மெலிந்த கருவிழியை மேலும் மெலியச் செய்யும் சிகிச்சை அது.

மாற்று அறுவை எதைத் தரும், எதைத் தராது

அச்சமூட்டி உங்களைத் தடுப்பது என் நோக்கமல்ல. தழும்பு நடுவிழியை மறைத்துவிட்டாலோ, எந்த லென்ஸும் பொருந்தாமல் போனாலோ கருவிழி மாற்றுதான் வழி. கருவிழி மாற்றுக்கு வரும் நோய்களிலேயே சிறந்த பலன் காண்பவர்களில் கெரட்டோகோனஸ் நோயாளிகளும் அடங்குவர். இரத்தக் குழாய்கள் இல்லாத கருவிழி, அழற்சி இல்லாத கண், இளம் வயது ஆகிய மூன்றும் இதற்குக் காரணம். ஆஸ்திரேலியாவின் கருவிழி மாற்றுப் பதிவேட்டை வைத்து 2011-இல் வெளியான ஆய்வில், இந்த நோய்க்காக முழுத்தடிமனில் மாற்றப்பட்ட கருவிழிகளில் 89 விழுக்காடு 10 ஆண்டுகள் கழித்தும் தெளிவாக இருந்தன. 20 ஆண்டுகளில் அந்த எண் 49 விழுக்காடாக இறங்கியிருந்தது.

இந்த இரண்டாவது எண்ணை உங்கள் வயதோடு சேர்த்துப் பாருங்கள். இன்று மாற்றினால் 20 ஆண்டுகள் கழியும்போது உங்களுக்கு வயது 47. அதன்பின் இரண்டாவது மாற்று தேவைப்பட்டால், அது முதல் மாற்றைப் போல நீடிப்பதில்லை. நல்ல லென்ஸ் ஒன்றால் இந்த அறுவையைப் பத்தாண்டு தள்ளிவைக்க முடிந்தால், அந்தப் பத்தாண்டும் உங்களுக்கு லாபமே.

‘வேரோடு போய்விடும்’ என்பதும் சரியல்ல. நடுவில் 8 மில்லிமீட்டர் அளவுக்கு வட்டமாக வெட்டிப் பொருத்துகிறோம். சுற்றியுள்ள விளிம்பு உங்களுடையதுதான். இருபது ஆண்டுகளை ஒட்டி அந்த விளிம்பு மறுபடி மெலிந்து வளைவு திரும்புவது சிலருக்கு நேர்கிறது. கண்ணாடி, லென்ஸ் வேண்டியிராது என்பதோ அதைவிடத் தவறான நம்பிக்கை. தையலின் இழுவிசையால் புதுக் கருவிழியிலும் 3, 4 டயாப்டர் சிலிண்டர் பவர், அதாவது எல்லாத் திசையிலும் ஒரே சீராக இல்லாத வளைவு, இருப்பது சாதாரணம். கண்ணாடி பெரும்பாலோருக்குத் தேவைப்படும். கணிசமானவர்கள் மீண்டும் கடின லென்ஸுக்கோ ஸ்கிலீரல் லென்ஸுக்கோ வந்து சேர்கிறார்கள். எதைத் தவிர்க்க அறுவைக்குப் போகிறீர்களோ அதையே அறுவைக்குப் பிறகும் அணிய நேரலாம். என்னிடம் வருபவர்களுக்கு இதைச் சொல்லும்போது பலருடைய முகம் வாடிவிடும். அறுவைக்கு முன்பே வாடட்டும் என்றுதான் சொல்கிறேன்.

மாற்றில் இரண்டு விதம் உண்டு. முழுத்தடிமன் மாற்றில் ஐந்தடுக்கும் மாறுகிறது. டால்க் எனப்படும் பகுதித்தடிமன் மாற்றில் உங்கள் உள்படலமும் அதிலுள்ள செல்களும் அப்படியே இருக்க, முன்னடுக்குகள் மட்டும் மாற்றப்படுகின்றன. காற்றைச் செலுத்திப் பெருங்குமிழி உண்டாக்கி உள்படலத்தைப் பிரிக்கும் நுட்பத்தை அன்வர், டீச்மன் என்ற இரு மருத்துவர்கள் 2002-இல் வெளியிட்டபின் இது பரவலாயிற்று. உடல் அந்நியத் திசுவை நிராகரிக்கும்போது மாற்றுக் கருவிழியை நிரந்தரமாகக் கெடுப்பது பெரும்பாலும் உள்பக்கச் செல்களின் இழப்பே. அந்தச் செல்கள் உங்களுடையவையாகவே இருந்தால் அந்த ஆபத்து இல்லை. முன்னடுக்கில் நிராகரிப்பு வரலாம், ஆனால் மருந்துக்கு அடங்கும். உங்கள் உள்படலத்தில் கிழிசல் தழும்பு எதுவும் இல்லையென்றால் டால்க்தான் பொருத்தம். அறுவை மேசையில் உள்படலம் கிழிந்துவிட்டால் முழுத்தடிமனுக்கு மாற வேண்டியிருக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே அறிந்திருங்கள்.

எந்த விதமானாலும் பின்கதை நீளமானது. தலைமுடியைவிட மெல்லிய நைலான் தையல்கள் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கண்ணிலேயே இருக்கும். ஒவ்வொன்றாக எடுக்கும்போதும் பார்வை மாறும், ஆகவே நிலையான கண்ணாடி அதுவரை கிடையாது. தளர்ந்த தையல் ஒன்று மணல் விழுந்தது போல உறுத்தினால் அன்றே எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் தொற்றுக்கு வாசலாகிவிடும். ஸ்டீராய்டு சொட்டு மருந்து மாதக்கணக்கில் நீளும். அதனால் கண் அழுத்தம் கூடலாம், கண்புரை வரலாம். வெட்டிய வட்டம் ஆறினாலும் பழைய வலு திரும்பாது. முழுத்தடிமன் மாற்றில் பல ஆண்டுகள் கழித்துக்கூட ஓர் அடி பட்டால் தையல் போட்ட இடம் பிளக்கக்கூடும்.

இரண்டு கண்ணுக்கும் ஒரே தடவையில் என்ற கேள்விக்கு இனி நீண்ட பதில் தேவையில்லை. கண்ணாடியோடு 6/9 தெரியும் இடது கண்ணுக்கு மாற்று அறுவையே தேவையில்லை. ஓராண்டு தடுமாறப்போகும் கண் ஒன்றிருந்தால், நம்பி நடக்க இன்னொரு கண் வேண்டும்.

கையெழுத்திடும் முன்

இதுவரை எடுத்த எல்லா டோபோகிராபி படங்களின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவை உங்களுடையவை, கேட்பதில் தயக்கம் வேண்டாம். ஒப்புதல் படிவத்தில் டால்க் என்று எழுதி, ‘தேவைப்பட்டால் முழுத்தடிமன்’ என்று அடியில் சேர்த்திருந்தால், எத்தனை பேருக்கு அப்படி மாற்ற நேர்ந்தது என்று அறுவை செய்பவரிடமே கேளுங்கள். அனுபவமுள்ளவர் எண்ணைச் சொல்வார், சங்கடப்படமாட்டார். ‘வெற்றி’ என்று அவர் சொல்லும்போது திசு தெளிவாக இருப்பதைச் சொல்கிறாரா, நீங்கள் கண்ணாடியோடு படிக்கும் வரியைச் சொல்கிறாரா என்றும் கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல, 89 விழுக்காடு என்று நான் மேலே எழுதியதும் திசுவைப் பற்றியதுதான்.

கணினித் திரையைப் பார்த்ததால் வந்ததோ என்று உங்களைக் குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டாம்; திரையால் இந்நோய் வருவதில்லை. கசக்குவதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். தம்பி விஷயத்திலும் அதுவே முதல் வேலை. மடக்கிய விரல் முட்டியால் அழுத்தித் தேய்க்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். மெலியும் தன்மையுள்ள கருவிழிக்கு அது கூடவே கூடாது. அரிப்புக்குக் காரணம் ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்குச் சொட்டு மருந்து உண்டு, குளிர்ந்த ஒத்தடமும் உதவும், ஆனால் ஸ்டீராய்டு கலந்த மருந்தைக் கடையில் தாமாகவே வாங்கிப் போட்டுவிடக் கூடாது.

நோயுள்ளவரின் உடன்பிறந்தோருக்கும் இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இளம் வயதில் அது விரைந்து முற்றும். பிரிட்டனில் 10 முதல் 16 வயதுக்குட்பட்ட 60 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வில், கிராஸ் லிங்க்கிங் செய்யாதவர்களில் 43 விழுக்காட்டினருக்கு 18 மாதத்திற்குள் நோய் முன்னேறியது. செய்துகொண்டவர்களில் 7 விழுக்காட்டினருக்கு மட்டுமே முன்னேறியது. பலகையில் கடைசி வரி வரை படிக்கிறான் என்பதால் கண் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. தொடக்க நிலை டோபோகிராபியில்தான் தெரியும். இடது கண் சிகிச்சைக்கு நீங்கள் போகும் அன்றே அவனையும் அழைத்துப் போய்ப் படம் எடுத்துவிடுங்கள். ஒன்றுமில்லை என்று வந்தாலும் அதன் நகலைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த ஆண்டு எடுக்கும் படத்தை அதனோடு ஒப்பிட வேண்டியிருக்கும்.